கட்டுச்சோற்றுக் கூடையில் எந்த ஒயின்?

எங்கள் ஊர்ப்பக்கம் ஒயின்ஷாப் என்று பலகை போட்ட கடையில் ஒயின் கேட்டு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லவே கூச்சம். அதனால் மெல்பர்னுக்குப் படிக்க வந்த இரண்டாம் மாதம், கிளேட்டனில் ஒரு பாட்டில் ஷாப்பில், அதாவது மதுக்கடையில், சனி, ஞாயிறு வேலை கிடைத்தபோது, அம்மாவிடம் "ஒரு கடையில கணக்கு எழுதுற வேலைம்மா" என்றுதான் சொன்னேன். எழுதிய கணக்கு ஒன்றும் இல்லை. மூன்று வருடம் பெட்டி தூக்கினேன், அடுக்கினேன், அடுக்கும்போது லேபிள் படித்தேன். என் ஒயின் படிப்பு அவ்வளவுதான்.

அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் டிசம்பர் பிறந்தால், இங்கே அதுதான் கோடை, போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, ஞாயித்துக்கிழமை பார்க்ல பார்பிக்யூ. என்ன ஒயின் வாங்கட்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எனவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில், அதிலும் விக்டோரியாவில் இருக்கிற, பூங்காவுக்குப் போனாலும் புளியோதரையைக் கட்டிக்கொண்டு போகிற ஆட்களுக்கானது இது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து நல்ல வேலை கிடைத்த வருடம், ஒரு ஜனவரி மாதம். வெயில் 37 டிகிரி. மதினி நல்லெண்ணெயில் வற்றல் மிளகாய் கிள்ளிப்போட்டு மட்டன் சுக்கா செய்து கொண்டுவந்திருந்தார். சிவப்புக் கறிக்குச் சிவப்பு ஒயின் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, என் பெருமைக்குத் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதியில் செய்த ஷிராஸ் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். 15 சதவீத ஆல்கஹால், கையில் தூக்கினாலே கனக்கும் புட்டி. காரின் பின்பக்கத்தில் கிடந்ததால் இளஞ்சூடாக வேறு இருந்தது. தூத்துக்குடி நண்பன் ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின் என்று ஆரம்பித்தான். மூன்றாவது வாயில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "ஏல, என்னல இது, வாய்க்குள்ள தீயைக் கொளுத்துன மாரி இருக்கு!" அந்தப் புட்டி முக்கால்வாசி அப்படியே வீடு திரும்பியது.

ஒயினில் குறையே இல்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து, உப்பும் மிளகும் மட்டும் தடவிய இறைச்சியோடு குடித்திருந்தால் அதைக் கொண்டாடியிருப்போம். கோளாறு சேர்க்கையில்.

நம் நாக்கில் சூட்டை அறிகிற உணர்வி ஒன்று உண்டு. சாதாரணமாக அது 42 டிகிரிக்கு மேல் போனால்தான் "சுடுது" என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காரம் தட்டி எழுப்புவதும் இதே உணர்வியைத்தான். ஆல்கஹால் பட்டாலோ அந்த வரம்பு 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடே 37. அதாவது வாய் சும்மா இருக்கும்போதே சுடுவதாக நினைத்துக்கொள்ளும். அதன் மேல் மிளகாயும் விழுந்தால் கேட்கவே வேண்டாம். இதோடு சிவப்பு ஒயினின் துவர்ப்பும் சேர்கிறது. வாழைப்பூவை நறுக்கி அப்படியே மென்று பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பிடிப்புதான். எச்சிலின் வழுவழுப்பு போய் நாக்கு காய்ந்துவிடும். காரம் நேராகத் தாக்கும்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: கறியைப் பார்த்து ஒயின் வாங்காதீர்கள், மசாலாவைப் பார்த்து வாங்குங்கள். கோழியா ஆடா மீனா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். மிளகாய் எவ்வளவு, புளி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. மிளகாய் அதிகமென்றால் ஆல்கஹாலும் துவர்ப்பும் குறைந்து, கொஞ்சம் இனிப்பு இருக்க வேண்டும். புளிப்பு அதிகமென்றால் ஒயினில் அதற்கு ஈடான புளிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை டாலர் கொடுத்து வாங்கியதும் சப்பென்று ஆகிவிடும். எண்ணெய்ப் பலகாரமென்றால் நுரை. அப்புறம், வெளியில் வெயிலில் குடிக்கிறோம், எனவே எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும், சிவப்பும்கூட.

என் கூடையில் எப்போதும் இருப்பவை

ஒரே ஒரு புட்டிக்குத்தான் இடம் என்றால் நான் எடுப்பது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கும் ஈடன் பள்ளத்தாக்கும் இதற்குப் பேர்போனவை. மூடியைத் திறந்ததுமே எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளிய வாசம். பெரும்பாலும் 'ட்ரை', அதாவது இனிப்பு இல்லாதது. புளிப்பு நல்ல தூக்கலாக இருக்கும். பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிறோம் இல்லையா, அந்த வேலையை இது செய்துவிடும்.

மீனை நான் இப்படிச் செய்கிறேன். டாண்டினாங் சந்தையில் சங்கரா வகை மீன், இங்கே ஸ்னாப்பர் என்பார்கள், வாங்கி இரண்டு பக்கமும் கீறி, மஞ்சள், மிளகாய்த்தூள், பூண்டு, சோம்பு அரைத்துத் தடவி இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். வாழையிலை ஸ்பிரிங்வேல் வியட்நாமியக் கடைகளில் கிடைக்கும். பூங்காவில் இருக்கும் இலவச மின் அடுப்பின் பொத்தானை அழுத்திவிட்டு, தட்டு சூடேறப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வைத்தால் மீன் வேகாது, அவியும். அந்த அடுப்பு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துபோகும், மறுபடி அழுத்த வேண்டும். இதற்கென்றே ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். இலையில் எண்ணெய் தடவி, மீனைப் பொதிந்து வைத்தால் இலை பச்சை மாறிப் பழுப்பாகி, ஓரத்தில் சாறு சீறத் தொடங்கும்போது திருப்பிப் போடலாம். பொதியைப் பிரித்த கையோடு ரீஸ்லிங் ஒரு வாய். அந்த நேரத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஆனால் ட்ரை ரீஸ்லிங் புளியோதரையோடு ஒத்துப்போவதில்லை. புளியும் வெல்லமும் மிளகாயும் சேர்ந்த சாதத்துக்கு முன்னால் அது வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். அதற்குக் கொஞ்சம் இனிப்பு மிஞ்சிய ரீஸ்லிங் வேண்டும். கடையில் 'ஆஃப் ட்ரை' என்று கேளுங்கள். ஈடன் பள்ளத்தாக்கின் பியூசி வேல் 'பிரைமா', கிளேரின் குரோசெட் 'அலியா' இரண்டும் இந்த ரகம். முதலாவது என் பட்ஜெட்டுக்கு, இரண்டாவது யாராவது அன்பளிப்பாகத் தந்தால். ஜெர்மனியின் மோசெல் பகுதியிலிருந்து வரும் 'கபினெட்' ரீஸ்லிங் கிடைத்தால் விடாதீர்கள். ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான் இருக்கும். சில ரீஸ்லிங் புட்டிகளின் பின்லேபிளில் 'ட்ரை'யிலிருந்து 'ஸ்வீட்' வரை ஒரு கோடு வரைந்து, இந்த ஒயின் எங்கே நிற்கிறது என்று புள்ளி வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்த்து வாங்கினால் யாரிடமும் கேட்கவே வேண்டாம்.

ரீஸ்லிங்கில் எனக்கு இன்னொரு சௌகரியம், திருகுமூடி. 2000ஆம் ஆண்டு கிளேர் பள்ளத்தாக்குத் தயாரிப்பாளர்கள் பலர் கூட்டாகக் கார்க்கை விட்டுத் திருகுமூடிக்கு மாறினார்கள். அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. திருகுமூடி போட்டது மட்டமான சரக்கு என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் இன்னும் நினைக்கிறார்கள். இங்கே அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். ஒருமுறை பிரெஞ்சு ஒயின் ஒன்றைக் கார்க்கோடு எடுத்துப்போய், கார்க்கைப் பிடுங்குகிற திருகாணி வீட்டிலேயே இருந்துவிட்டது. கடைசியில் தோசைக்கரண்டியின் காம்பால் கார்க்கைப் புட்டிக்குள்ளேயே தள்ளினோம். ஒயின் பீய்ச்சி அடித்தது என் வெள்ளைச் சட்டையில்.

இரண்டாவது, டராங்கோ. இந்தப் பெயரைச் சொன்னால் ஆஸ்திரேலியர்களே பலர் விழிக்கிறார்கள். 1965இல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம், மில்டூராவுக்குப் பக்கத்தில் மெர்பீனில் இருந்த தன் நிலையத்தில் இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கிய திராட்சை இது. தாய் தகப்பன் யார் தெரியுமா? ஒன்று போர்ச்சுகலின் டூரிகா, போர்ட் ஒயின் செய்கிற கறுத்த முரட்டுத் திராட்சை. மற்றது சுல்தானா. ஆமாம், பாயசத்தில் நெய்யில் பொரித்துப் போடுகிறோமே, அந்த உலர்திராட்சையின் சுல்தானாதான். மில்டூரா வட்டாரமே உலர்திராட்சைக்குப் பெயர் பெற்றது. இந்தக் கல்யாணத்தில் பிறந்தது நல்ல வெயிலைத் தாங்கும், தாமதமாகப் பழுக்கும், புளிப்பை இழக்காது. நிறம் செம்பருத்திச் சாறு மாதிரி வெளிர் சிவப்பு, துவர்ப்போ மிகக் குறைவு. விக்டோரியாவின் மிலாவாவில் இருக்கும் பிரவுன் பிரதர்ஸ் இதை ஒயினாக்கி விற்கிறார்கள். குளிரவைத்துக் குடிக்க வேண்டிய சிவப்பு.

மதினியின் சுக்காவுக்கு நான் இப்போது கொண்டுபோவது இதுதான். தூத்துக்குடிக்காரன் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தான். "சிவப்பை ஐஸ்ல வைக்கியே, கிறுக்கனால நீ?" என்றான். இப்போது அவன் வீட்டிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. தக்காளித் தொக்கு, சிக்கன் சிக்ஸ்டிஃபைவ், பூங்கா அடுப்பில் வெங்காயத்தோடு வாட்டிய சாசேஜ், எல்லாவற்றோடும் போகும். கிடைக்காவிட்டால் யாரா பள்ளத்தாக்கு அல்லது மார்னிங்டன் தீபகற்பத்தின் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் வாங்கி அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். விலை கூடும். டராங்கோவுக்குப் பக்கத்தில் வராது என்பது என் அபிப்பிராயம், பினோ ரசிகர்கள் மன்னிக்கவும்.

மூன்றாவது மொஸ்காட்டோ. ஒயின் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் இதைக் கேலி செய்வார்கள். இனிப்பு, லேசான நுரை, ஆல்கஹால் சுமார் 5, 6 சதவீதம், பீர் மாதிரி. எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. பச்சைமிளகாய் பஜ்ஜிக்கும் கார மிக்சருக்கும் இதைவிடப் பொருத்தமானது எதுவும் கிடையாது. இனிப்பு காரத்தை அமர்த்திவிடும், ஆல்கஹால் எரிவைத் தூண்டும் அளவுக்கு இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா வந்திருந்தார். பூங்காவில் கட்டுச்சோற்றைப் பிரித்ததும் அவருக்கு ஆடிப்பெருக்கு ஞாபகம் வந்துவிட்டது. தாமிரபரணிக் கரையில் சித்திரான்னம் கட்டிப்போன கதையெல்லாம் சொன்னார். என் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தவர், "பன்னீர் திராட்சை வாசம்லா அடிக்கி" என்றார். குடிக்கவில்லை. ஆனால் மூக்கு தப்பவில்லை. கம்பம் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே அது, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அதற்குப் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, ஆஸ்திரேலிய மொஸ்காட்டோவில் நிறையப் பயன்படுகிற திராட்சை. ஆகவே அம்மா சொன்னது உறவுமுறைப்படியே சரி. "இந்தக் கணக்கைத்தான் எழுதுனியாக்கும்" என்று அடுத்து கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான்காவது, வடைக்கு ப்ரொசெக்கோ என்ற நுரை ஒயின். விக்டோரியாவின் கிங் பள்ளத்தாக்கில் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அங்கே டால் சோட்டோ குடும்பத்தார் 1999இல் இதற்கான திராட்சையை நட்டு 2004இல் ஆஸ்திரேலியாவின் முதல் ப்ரொசெக்கோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பருப்பு வடை, உளுந்த வடை, முறுக்கு, வாழைக்காய் பஜ்ஜி, எண்ணெயில் பொரித்த எதுவானாலும் நுரையும் புளிப்பும் வாயைக் கழுவிவிட்டு அடுத்த வடைக்குத் தயார் செய்யும். ஒரு எச்சரிக்கை: புட்டி சூடாக இருந்தாலோ, காரில் குலுங்கி வந்த கையோடு திறந்தாலோ, பாதி புட்டி வானத்துக்குப் போகும். நன்றாகக் குளிர்ந்த பிறகு, மூடியைப் பிடித்துக்கொண்டு புட்டியைத்தான் திருப்ப வேண்டும், மூடியை அல்ல. சத்தம் வராமல் திறப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் புரட்டிய இட்லிக்கு இனிப்பில்லாத ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின், கிரனாஷ் திராட்சையில் செய்ததாக இருந்தால் நல்லது. எலுமிச்சைச் சாதத்துக்கு ஹண்டர் பள்ளத்தாக்கின் செமியோன் என்ற வெள்ளை ஒயின். 10, 11 சதவீதம்தான், குடித்தால் தலை கனக்காது. பன்னீர் டிக்காவுக்கு ரீஸ்லிங்கே போதும். தயிர்சாதத்துக்கு ஒயின் தேடாதீர்கள், எதுவும் ஒட்டாது, தண்ணீர் குடியுங்கள். ஆவக்காய், நாரத்தங்காய் ஊறுகாயெல்லாம் வாயில் இருக்கும்போது எந்த ஒயினும் தோற்கும், அதனால் ஊறுகாய் டப்பாவைத் தயிர்சாதத்தோடு கடைசியில் திறப்பது எங்கள் வழக்கம்.

'கவூர்ட்ஸ்ட்ராமினர்' என்று ஒரு வெள்ளை ஒயின் உண்டு. இந்தியச் சாப்பாடு என்றாலே கடைக்காரர்கள் அதை எடுத்து நீட்டுவார்கள், நானும் நீட்டியிருக்கிறேன். ரோஜாவும் லிச்சியும் மணக்கும். நல்ல ஒயின்தான். ஆனால் பிரியாணியோடு குடித்தால் எனக்குக் கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பைத் தூக்கி முகத்தில் தெளித்த மாதிரி இருக்கிறது. பிடித்தவர்கள் குடியுங்கள்.

ஷிராஸுக்கு ஒரு மறுவாழ்வு

ஷிராஸை நான் முழுக்கத் தள்ளிவைக்கவில்லை. மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் போட்ட கறிக்கு அது நன்றாகவே சேரும். இதற்குக் காரணமும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கருமிளகுக்கு அந்த மணத்தைத் தருகிற ரொட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது; அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் இதை வெளியிட்டார்கள். குளிர்ப்பிரதேசத்து ஷிராஸில் இது கூடுதல். எங்கள் மாநிலத்தில் கிராம்பியன்ஸ் மலைப்பக்கத்து ஷிராஸை மோந்தால் அப்போது இடித்த மிளகு. ஆட்டு விலாத்துண்டில் இடித்த மிளகு, பூண்டு, உப்பு, கறிவேப்பிலை மட்டும் தடவி வாட்டி, இந்த ஷிராஸை 15, 16 டிகிரிக்குக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள். மிளகாய் கடல் கடந்து வருவதற்கு முன் நம் சமையல் முழுக்கவே மிளகுக் காரம்தான். அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒயின் தேர்ந்தெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

வெயிலும் ஐஸும்

ஒயின் வாங்குவதில் தப்பு செய்தால்கூடச் சமாளிக்கலாம். குளிரவைப்பதில் தப்பு செய்தால் முடியாது. இங்கே எஸ்கி என்று சொல்கிற ஐஸ்பெட்டியில் புட்டியை வைத்து மேலே ஐஸ்கட்டியைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கட்டிகளுக்கு நடுவே இருப்பது காற்று, அது குளிரைக் கடத்தாது. ஐஸோடு தண்ணீர் ஊற்றுங்கள், புட்டியின் கழுத்துவரை. ஒரு கை கல்லுப்பும் போட்டால் இன்னும் வேகம். இருபது நிமிடத்தில் வெயிலில் கிடந்த புட்டிகூடக் குடிக்கிற பதத்துக்கு வரும். ஐஸ் பெட்ரோல் பங்கிலேயே பையாகக் கிடைக்கும்.

எங்கள் ஐஸ்வாளி என் மனைவியின் சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் வாளி. பெயர் வெட்டியிருக்கும். நான்கு புட்டி நிற்கும். அதைப் பார்த்த பக்கத்து மேசை வெள்ளைக்காரர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். விலைக்குக் கிடைக்காது என்று சொல்லி அனுப்பினோம்.

பதம் என்று பார்த்தால், மொஸ்காட்டோவும் ப்ரொசெக்கோவும் எவ்வளவு சில்லென்று இருந்தாலும் சரி. ரீஸ்லிங்கை வாளியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றினால்தான் வாசம் எழும். டராங்கோ 12 டிகிரி பக்கம். புட்டியைத் தொட்டால் மண்பானைத் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், ஐஸ் தண்ணீர் மாதிரி அல்ல. டம்ளரில் கொஞ்சமாக ஊற்றி அடிக்கடி ஊற்றிக்கொள்ளுங்கள். நிரப்பி வைத்தால் வெயிலில் கடைசிப் பாதி கஷாயமாகிவிடும்.

கண்ணாடிக் கோப்பை வேண்டாம், பல பூங்காக்களில் கண்ணாடிக்கே தடை. நாங்கள் எவர்சில்வர் டம்ளரில்தான் குடிக்கிறோம். வாய் அகன்றது என்பதால் வாசம் கொஞ்சம் நிற்காமல் போகும், அதை விட்டால் ஒரு குறையும் இல்லை. கூட்டம் பெரிதென்றால் அட்டைப்பெட்டி ஒயினும் வாங்கலாம். 1965இல் ரென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஆங்கோவ் காப்புரிமை எடுத்த ஆஸ்திரேலியக் கண்டுபிடிப்பு அது. உள்ளே இருக்கும் பை ஒயின் குறையக் குறையச் சுருங்கும், காற்று புகாது, மீதியை வீட்டில் சில வாரம் வைத்துக்கொள்ளலாம். உடைகிற பயமும் இல்லை. 'கூன்' என்று இங்கே கேலியாகச் சொல்வார்கள்; மாணவர் விடுதிகளில் அந்தப் பையைத் துணிக்கொடியில் மாட்டிச் சுழற்றி விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன். விளையாட்டுக்கு ஆகிற பை எது, நல்ல பை எது என்று பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

போகிற அன்று

முதல் வேலை, பூங்கா அறிவிப்புப் பலகையைப் படிப்பது. மது அனுமதியா, எந்த நேரம் வரை என்பதெல்லாம் நகராட்சிக்கு நகராட்சி மாறும், ஒரே நகராட்சியில் கடற்கரைக்கு ஒன்றும் பூங்காவுக்கு ஒன்றும் இருக்கும். முந்தின நாளே அவர்கள் தளத்தில் பார்த்துவிடுவது உத்தமம். தீத்தடை நாளாக அறிவித்திருந்தால் கரி அடுப்பை வீட்டில் விட்டுவிடுங்கள்.

அளவுக்கு என் கணக்கு, குடிக்கிற ஆளுக்கு மதியம் முழுவதற்கும் அரைப் புட்டி. லேபிளில் 'ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். ஒன்று என்றால் 10 கிராம் ஆல்கஹால். 13 சதவீத ஒயின் ஒரு புட்டியில் ஏழரைக்கும் மேல், 5.5 சதவீத மொஸ்காட்டோவில் மூன்றுக்குச் சற்று மேல். ஓட்டுகிறவர் யார் என்று கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். முழு உரிமத்துக்கு ரத்தத்தில் 0.05க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். கற்பவர் உரிமமும், புதிதாக உரிமம் வாங்கியவர்கள் காரில் மாட்டுகிற 'பி' பலகையும் உள்ளவர்களுக்குப் பூஜ்யம். எங்கள் கூட்டத்தில் ஓட்டுகிறவருக்கு மொஸ்காட்டோவும் கிடையாது. பதிலுக்கு மீன் தலை அவருக்குத்தான்.

சைவ நண்பர்கள் சிலர் "இதுல முட்டை கிட்டை உண்டா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ மீனிலிருந்து எடுத்த பசையோ சிலர் பயன்படுத்துகிறார்கள். 'வீகன்' என்று அச்சிட்டதை வாங்கினால் கேள்வியே எழாது.

கோடை முடியும் மாதங்களில் ஐரோப்பியக் குளவிகள் இனிப்பு வாசத்துக்கு வந்துவிடும். மொஸ்காட்டோ டம்ளரை ஒரு தட்டால் மூடிவையுங்கள், குடிக்கும் முன் உள்ளே பாருங்கள். வாய்க்குள் கொட்டினால் விளையாட்டில்லை.

கடைசியாக இனிப்பு. ஊரிலிருந்து யாராவது வந்த வாரம் என்றால் திருநெல்வேலி அல்வா இருக்கும். அதோடு விக்டோரியாவின் ரூதர்க்லென் ஊரில் செய்கிற இனிப்பு ஒயினான ரூதர்க்லென் மஸ்கட், 17, 18 சதவீதம் ஆல்கஹால், கறுத்துப் பாகாக இருக்கும். உலர்திராட்சையும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சிய வாசம். தரத்தை நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள்: ரூதர்க்லென், கிளாசிக், கிராண்ட், ரேர். நமக்கு முதல் இரண்டு படியே தாராளம். இதைச் சில்லென்று குடிக்க வேண்டியதில்லை. சங்கு அளவு போதும். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற சங்கைத்தான் சொல்கிறேன்.

மிஞ்சியதைத் திருகி மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் ரீஸ்லிங் மூன்று நாள் தாங்கும். நுரை ஒயின் மறுநாளே செத்துவிடும், அதனால் வடை தீர்வதற்கு முன் அதைத் தீர்த்துவிடுங்கள். அந்தப் பழைய பரோசா ஷிராஸின் முக்கால் புட்டியை வீணாக்க மனமில்லாமல் மறுநாள் மட்டன் குழம்பில் ஊற்றினேன். கறி பஞ்சாக வெந்தது. குழம்பு மட்டும் மை மாதிரி கறுத்துப்போய்விட்டது. மதினி இன்றுவரை என்னை அடுப்புப் பக்கம் விடுவதில்லை, பூங்கா அடுப்பைத் தவிர.